மொரால்பாவுக்கு ஒரு நாலாவது ஆள்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார்ஜென்ட். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஆறினால் மேலே ஆடை மாதிரி படியும், பார்க்க நன்றாக இருக்காது. சர்க்கரை அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. ரொட்டி நேற்றையது. இன்று ரொட்டி வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்கே தெரியும், வண்டி ஓட்டுகிற எமெத்தேரியோவைக் காலையிலிருந்து காவல் நிலையத்தில் உட்காரவைத்திருப்பது நீங்கள்தானே.

எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள், கோர்வை போய்விடும்.

என் பெயர் ஒப்துலியா. இந்த மதுக்கடை ஊராட்சிக்குச் சொந்தம். நடத்துவது நானும் என் கணவர் லெயோன்சியோவும். நான் வெளியே, அவர் சமையலறையில். நடுச்சுவரில் தட்டு வாங்க ஒரு சின்ன ஜன்னல். எட்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடவும் பேச வேண்டும்.

குளிர்காலத்தில் மொரால்பாவில் புகை கிளம்பும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்வதற்கு ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. முஸ் ஆடுவது. நீங்கள் தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். அது சீட்டாட்டம். நாலு பேர், இரண்டு ஜோடி. ஜோடி சேர்ந்தவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்கு வாயால் சொல்லக் கூடாது, முகத்தால் சொல்லலாம். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. உதட்டோரத்தைக் கடித்தால் மூன்று. நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஆஸ். கண்ணடித்தால் முப்பத்தொன்று, அந்தக் கணக்கில் அதற்கு மேல் கை கிடையாது. கண்ணை மூடினால் ஒன்றுமே இல்லை. இதை எதிராளி வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் செய்ய வேண்டும். அவன் பார்த்துவிட்டால் அது அவன் சாமர்த்தியம்.

விதி ஒன்றே ஒன்றுதான். பொய் ஜாடை காட்டக் கூடாது. பந்தயத்தை ஏற்றுவதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், அது ஆட்டம். ஜாடையில் ஏமாற்றினால் அப்புறம் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரை எதற்கு நம்புவது? சுற்றி நின்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் முகத்தில் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் மேசையில் ஒரு பக்கம் சத்தூரியோவும் அவன் அக்கா கித்தேரியாவும். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே மாதிரி இருமுகிறார்கள். அவர்களைப் பிரித்து உட்காரவைக்க யாராலும் முடியாது. மறுபக்கம் நானும் கிழவர் கிரெசென்சியோவும். பிப்ரவரியில் கிரெசென்சியோ செத்துப்போனார். தூக்கத்தில் போனார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் என் ஜோடி.

மூன்று பேராக ஆடிப் பார்த்தோம். காலி நாற்காலிக்கும் சீட்டுப் போட்டோம். ஒரு வாரம் ஆடியதில் அந்த நாற்காலிக்கு என்னைவிட நல்ல கை வந்தது, அவ்வளவுதான் பலன். பாதிரியார் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். அவரை உட்காரவைத்தோம். ஊராருடைய பாவ அறிக்கைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கு முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ஜாடையே வரவில்லை.

கித்தேரியா ஒருநாள் சீட்டைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஏண்டி ஒப்துலியா, உள்ள ஒரு ஆம்பளை வெங்காயம் நறுக்கிட்டு நிக்கிறாரே. இந்தச் சுத்துவட்டாரத்துல அவரை மாதிரி ஆடுறவன் கிடையாது. ஒரு குரல் கொடுத்தா என்ன?”

“அவருக்கு அடுப்புல வேலை இருக்கு,” என்றேன்.

“அடுப்பு அணைஞ்சு ஒரு மணி நேரம் ஆகுது.”

“நீ சீட்டைப் போடு.”

எனக்கு நாலாவதாக ஒரு ஆள் வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான், சார்ஜென்ட். பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை.

இனி பலகை. மாகாணத்தில் கோபுர வழி என்று ஒன்று போட்டார்கள். காரை ஓட்டிக்கொண்டே பழைய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் வழி. பழுப்புப் பலகை, அதில் வெள்ளையாக ஒரு கோபுரம், ஒரு அம்பு. எங்கள் ஊரிலும் கோபுரம் இருக்கிறது, பாதி. மேல்பாதியை எங்கள் முன்னோர்கள் பிரித்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டில் கட்டிக்கொண்டார்கள். நல்ல கொட்டில்கள், இன்றும் நிற்கின்றன. மிச்சத்தின் மேல் செங்கால் நாரை கூடு கட்டியிருக்கிறது. பார்க்க வந்த கமிட்டி நாரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போயிற்று. வழி எங்களைத் தொடாமல் கருவாலி மரத்தடிப் பிரிவிலிருந்து வில்யாசெராவுக்குத் திரும்பிவிட்டது.

நான் அந்தப் பிரிவில் போய் நிற்பேன். கார்கள் வரிசையாகப் போகும். முன்சீட்டில் இரண்டு பேர், பின்சீட்டில் இரண்டு பேர். பின்சீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். அத்தனை ஜனம் யாருக்கும் உபயோகமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இங்கே ஒரு நாற்காலி காலி. என் இடத்தில் யார் நின்றாலும் தோன்றியிருக்கும்.

பலகையைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட்டு. ஏதோ பெரிய வேலை மாதிரி உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள், அப்படி இல்லை. தளர்த்தினேன், ஒரு சாண் திருப்பினேன், முறுக்கினேன். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கோபுரம் பார்க்க வந்தவர்களுக்கு எங்களிடமும் கோபுரம் இருக்கிறது.

பிறகு நடந்ததற்கு ஊரைக் கட்டியவர்கள்தான் பொறுப்பு. எங்கள் வளைவு வாசல் கழுதைக்கு அளவெடுத்துக் கட்டியது. வழி தெரிந்த வண்டிகள் ஊருக்குப் பின்னால் வயல்பாதை வழியாகச் சுற்றித்தான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும். உள்ளே போகப் போகச் சுவர் நெருங்கும், பாதை இறங்கும், கடைசியில் ஒரு திருப்பம். முதலில் கண்ணாடி உரசும், அப்புறம் கதவு திறக்காது. பின்னால் எடுக்கவும் முடியாது. பின்பக்கக் கதவு வழியாகத் தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். வருகிறவர்களுக்கு நான் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன், கடைக்குக் கூட்டி வருவேன், நிழலில் உட்காரவைப்பேன். மேசையில் சீட்டுக்கட்டு இருக்கும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆடத் தெரிந்தவன் கை தானாகச் சீட்டுக்குப் போகும்.

போகாவிட்டால் சத்தூரியோ டிராக்டரைக் கொண்டுவந்து பின்னாலிருந்து இழுத்து விட்டுவிடுவான். யாரையும் தேவைக்கு மேல் நிறுத்திவைக்கவில்லை.

“இன்னைக்கு ஜெர்மன்காரன்,” என்று அவன் வாசலில் நின்று சொல்வான்.

“ஆடத் தெரியுமா?”

“நாரையைப் படம் எடுக்கத் தெரியுது.”

“இழுத்து விட்டுடு.”

வசந்தம் முழுக்க இப்படிப் போயிற்று. ஒரு தடவை ஒரு சிறிய வேனில் கன்னியாஸ்திரிகள் வந்து மாட்டினார்கள். உட்கார்ந்ததுமே சீட்டைக் கையில் எடுத்தார்கள், அவ்வளவு நன்றாக ஆடினார்கள். ஆனால் அவர்களே நாலு பேர். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டேன். தலைமைச் சகோதரி கொஞ்சம் யோசித்தார். பிறகு முடியாது என்றார். யோசித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அன்செல்மோ வந்தார். அன்செல்மோ உருத்தியா, வித்தோரியா நகரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பூகோளம் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், ஏனென்றால் அப்போது அவருடைய கார் வளைவுக்குள் குறுக்கே நின்றது. காருக்குள் ஒரு கறுப்புக் கோட்டும் பேன்ட்டும் உறைபோட்டுத் தொங்கின. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வில்யாசெராவில் அவர் மகள் மைத்தானேவுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் இவர். வழியெல்லாம் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், வெள்ளி ராத்திரிக்குள் வந்து சேர்ந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாராம்.

“டிராக்டர் வர எவ்ளோ நேரம் ஆகும், அம்மணி?”

“இப்ப வந்துடும். அதுவரைக்கும் ஒரு காபி குடிங்க.”

அவர் வலதுகை காபியை எடுத்தது. இடதுகை சீட்டுக்கட்டை எடுத்து ஒற்றைக்கையால் இரண்டாகப் பிரித்தது. கித்தேரியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் ஆட்டத்திலேயே அவர் எனக்கு ஒரு ஜாடை காட்டினார். இரண்டு ராஜா. உதடு கடிபட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். சத்தூரியோ அவர் மூக்குக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியவில்லை. நான் கண்ணடித்தேன். நான் கண்ணடிப்பதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துவிட்டார். கொண்டைக்கடலையை வைத்துத்தான் நாங்கள் புள்ளி எண்ணுவோம். அந்தக் கடலை எல்லாம் எங்கள் பக்கம் வந்து குவிந்தது. இப்படி ஒரு மனிதர் என் முகத்தைக் கவனித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போது நினைத்தேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, விட்டுவிடுங்கள்.

சத்தூரியோ வாசலில் நின்று, “டிராக்டரை எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டான். நான் அவனைப் பார்த்துக் கண்ணை மூடினேன். ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அவன் புத்திசாலி இல்லை, ஆனால் ஜாடை புரியும்.

“அட, மறந்தே போச்சு,” என்றான். “பேட்டரி செத்துடுச்சு. சோரியா டவுன்ல இருந்து வரணும்.”

“எப்ப வரும்?” என்றார் அன்செல்மோ.

“வரும்.”

சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து லெயோன்சியோ, பருப்புச் சட்டியிடம் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்: “சத்தூரியோ, காலைலதான் அந்த டிராக்டர் என் தோட்டத்தை உழுதுச்சுன்னு அங்க இருக்கவங்ககிட்ட சொல்லு.”

“சத்தூரியோ,” என்றேன் நான், “பருப்புல உப்புப் பத்தலைன்னு உள்ள இருக்கவங்ககிட்ட சொல்லு.”

“இவங்களுக்குள்ள என்ன?” என்று அன்செல்மோ கித்தேரியாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணம்,” என்றாள் அவள்.

கடத்தல் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவருக்கு மாடியில் நல்ல அறை கொடுத்தேன். மூன்று வேளையும் சாப்பாடு. வெள்ளிக்கிழமை சொரிசோ தொத்திறைச்சி போட்ட பருப்பு, மறுசோறு கேட்டு வாங்கினார். தொலைபேசி வேலை செய்யவில்லை என்று சொன்னேன். இடி மின்னல் வந்தால் ஆபத்து என்று நான்தான் கம்பியைப் பிடுங்கிவைத்திருந்தேன். வானம் சுத்தமாக இருந்தது உண்மைதான், ஆனால் மின்னல் சொல்லிக்கொண்டா வருகிறது? அவருடைய கைபேசிக்கு எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. கல்லறைச் சுவர்மேல் ஏறி நின்றால் மட்டும் கிடைக்கும். அதை அவர் கேட்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று கேட்டார். கல்லறைச் சுவர்மேல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

காலணிகளைப் பாலிஷ் போட வாங்கிக்கொண்டேன். சுபகாரியத்துக்குப் போகிறவர், சேற்றோடா போவது? பாலிஷ் காயவில்லை. கோட்டை இஸ்திரி போட எடுத்தபோது விளிம்பில் தையல் விட்டிருந்தது. சரியாகத் தைக்க வேண்டுமென்றால் மீதித் தையலையும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வெள்ளி மதியம் ஆட்டத்தின் நடுவில் ரொட்டி வண்டி வந்தது. எமெத்தேரியோ வழக்கம்போல ஹார்ன் அடித்துவிட்டு எங்கள் தெரு ஜன்னலுக்கு நேரே வண்டியை நிறுத்தினான். அன்செல்மோ அந்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கதவுக்கும் நடுவில் சத்தூரியோ. அவர் மரியாதையான மனிதர், கத்துகிற பழக்கம் இல்லை. நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வெளியே நின்ற எமெத்தேரியோவை நோக்கித் தன்னால் ஆனதையெல்லாம் முகத்தால் செய்தார். கண்ணடித்தார். புருவத்தைத் தூக்கினார். வாயைக் கோணினார். நாக்கை நீட்டிக் கதவுப்பக்கம் காட்டினார். கடைசியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் இறுக மூடினார். பாவமாகத்தான் இருந்தது.

எமெத்தேரியோ எல்லாவற்றையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

ரொட்டி வாங்க நான் வெளியே போனபோது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“ஒப்துலியா, நான் எதையும் பாக்கலை. எங்கப்பா என்னை அப்படி வளர்க்கலை. ஆனா அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு சொல்லு. கையில இருக்கிறது அத்தனையும் தெருவுல நிக்கிறவனுக்குத் தெரியுது. முப்பத்தொண்ணு, ராஜா, ஆஸ், எல்லாம் ஒரே கையில. அப்படிக் கை எனக்கு வந்ததே இல்லை.”

“சொல்றேன்.”

“கடைசியில ஒண்ணுமே இல்லைன்னு வேற சொல்றாரு. குழப்புறாரு. நல்ல ஆட்டக்காரர்தான்.”

இப்போது அவன் உங்களிடம் வாயைத் திறக்க மறுக்கிறான் என்றால், சட்டத்தை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பதால்தான் பேசவில்லை.

சனிக்கிழமை காலை அன்செல்மோ கீழே வந்து காலணிகளைக் கேட்டார். இன்னும் காயவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலுறைகளோடு தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வயதில், அந்தக் கல் பாதையில். எனக்குக் கவலையாகிவிட்டது. சத்தூரியோவை அனுப்பினேன். அவன் கருவாலி மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரைப் பிடித்து, பத்திரமாக ஏற்றிக் கூட்டிவந்துவிட்டான்.

டிராக்டரில்.

அது ஒரு சங்கடமான கட்டம். டிராக்டர் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அன்செல்மோ அதன்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். நாங்கள் டிராக்டரைப் பார்த்தோம்.

“பேட்டரி வந்துடுச்சு,” என்றான் சத்தூரியோ.

கித்தேரியா கையிலிருந்த துணியை மேசையில் போட்டாள். “போதும்டி. இது தப்பு. பொண்ணு அங்க வெள்ளை உடுத்திக்கிட்டு நிக்கும். விட்டுடு அவரை.”

“நான் பிடிச்சா வச்சிருக்கேன்?”

“அப்புறம் என்னடி செஞ்சிட்டு இருக்கே?”

நான் சீட்டுக்கட்டை எடுத்தேன். ஒரு ஏற்பாடு சொன்னேன். ஒரே ஒரு ஆட்டம். நானும் அன்செல்மோவும் ஜெயித்தால், சத்தூரியோ அவரை அதே டிராக்டரில் நேரே தேவாலய வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவான், பன்னிரண்டுக்கு முன்னால். தோற்றால் ஞாயிற்றுக்கிழமை வரை இருக்க வேண்டும். அன்செல்மோ சம்மதித்தார். நாங்கள் அதுவரை தோற்றதே இல்லை. அவர் பார்வையில் அது ஏற்கெனவே ஜெயித்த ஆட்டம். சத்தூரியோ விட்டுக்கொடுப்பான் என்று கித்தேரியா நினைத்தாள். ஆனால் சத்தூரியோ சொந்தத் தாயிடமே தோற்காதவன்.

நான் எப்போதும் சமையலறை ஜன்னலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவேன். வெளிச்சம் நன்றாக இருக்கும். வேறு காரணம் கிடையாது. அன்று அன்செல்மோவின் தலைக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, லெயோன்சியோ உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் கடைசிக் கைக்கு வந்தது. இரண்டு பக்கமும் சமம். சத்தூரியோ சீட்டைப் பார்த்தான், காது சிவந்தது, “ஓர்தாகோ,” என்றான். இருக்கிற எல்லாவற்றையும் ஒரே கையில் வைக்கிறேன் என்று அர்த்தம். பெரிய சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு ஆட்டம். ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் ஒரு கடலைதான் போகும், அந்தக் கையின் மீதிப் பந்தயங்களில் நாங்கள் சுலபமாக ஜெயித்திருப்போம். அன்செல்மோ கையில் ஒரே ராஜா. அவர் மறுக்கத்தான் போனார். அதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் உதட்டோரத்தைக் கடித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “பாத்துடலாம்,” என்றார். சீட்டைத் திறந்து காட்டினோம். சத்தூரியோவிடம் இரண்டு ராஜா. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அன்செல்மோ என் நாலு சீட்டையும் வெகுநேரம் பார்த்தார். புரட்டிக்கூடப் பார்த்தார், பின்பக்கம் ராஜா இருக்குமோ என்கிற மாதிரி.

“அம்மணி,” என்றார். “என்னை அடைச்சு வச்சீங்க, ஷூவைப் பிடுங்கினீங்க, அதெல்லாம் புரியுது. இதை எப்படிங்க செஞ்சீங்க?”

இந்த இடத்தில் எங்கள் எட்டு வருஷத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது லெயோன்சியோவும் நானும் ஜோடி. வில்யாசெரா சந்தைப் போட்டியில் கடைசி ஆட்டம், ஊரே சுற்றி நிற்கிறது. எதிராளி ஓர்தாகோ சொல்கிறான். லெயோன்சியோ கீழுதட்டைக் கடிக்கிறார். இரண்டு ராஜா என்று நம்பி நான் ஏற்கிறேன். அவர் கையில் ராஜாவே இல்லை. கேட்டால், சூரியகாந்தி விதையின் தோல் பல்லில் மாட்டிக்கொண்டது, அதைத்தான் எடுத்தேன் என்றார். கட்டின மனைவிக்குப் பொய் ஜாடை காட்டிவிட்டு விதைமேல் பழி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவருடைய நாற்காலியைச் சமையலறைக்குள் போட்டேன். ஒரு தப்பு யதேச்சையாக நடந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அவர் பக்கத்து ஆட்கள்.

அன்செல்மோவுக்கு நான் பதில் சொல்வதற்குள் லெயோன்சியோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எட்டு வருஷத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சத்தூரியோ வழியாகச் சொல்லவில்லை, நேராக என்னிடமே கேட்டார்:

“உனக்கும் விதை மாட்டிக்கிச்சா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேருக்குமே மாட்டியதாக ஆகியிருக்கும். நான் சிதறிக் கிடந்த கடலையைப் பொறுக்கிக் குவித்தேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து என் சீட்டுகளின்மேல் வைத்தார். தன் காலணிகளைக் கழற்றி அன்செல்மோவின் காலடியில் வைத்தார். அப்போதுதான் வளைவுப் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. இரவெல்லாம் அப்பா வராத கவலையில் மணப்பெண்ணே காரை எடுத்துக்கொண்டு தேடி வந்திருக்கிறாள். பிரிவைத் தாண்டிப் போய்த் தேடிவிட்டு வில்யாசெராவுக்குத் திரும்பும்போது, கோபுர வழிப் பலகையை நம்பி இந்தப் பக்கம் வந்துவிட்டிருக்கிறாள். அப்பாவின் காருக்குப் பின்னாலேயே வந்து மாட்டிவிட்டாள். பின்பக்கக் கதவு வழியாக முதலில் வெள்ளைத் துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் அவள் வந்தாள்.

“எங்கப்பாவை என்ன பண்ணீங்க?”

“மூணு வேளையும் சோறு போட்டோம்மா,” என்றாள் கித்தேரியா.

“என்ன ஊர் இது? மனுஷங்களா நீங்க?”

“வாம்மா, அப்புறம் திட்டிக்கலாம்,” என்றார் லெயோன்சியோ. சத்தூரியோவின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அப்பாவையும் மகளையும் டிராக்டரின் பின்வண்டியில் வைக்கோல்மேல் உட்காரவைத்தார். வெறுங்காலோடு ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிராக்டர் ஓட்டும்போது திரும்பிப் பார்ப்பது ஆபத்துதான்.

கல்யாணம் தாமதமாக நடந்தது, ஆனால் நடந்தது. பாதிரியார் காத்திருந்தார். மணப்பெண்ணின் பாவாடையில் முழங்கால்வரை தூசி, அப்பாவின் காலில் அளவு பெரிய காலணி, ஒவ்வொரு அடிக்கும் டொக் டொக் என்று சத்தம். எல்லாம் நேற்று எமெத்தேரியோ சொன்னது. மனம் இருந்தால் அவன் நன்றாகவே பேசுவான்.

இதுதான் நடந்தது. பலகை, தொலைபேசி, காலணி, கோட்டு, எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அதெல்லாம் சாலைப் போக்குவரத்துச் சம்பந்தப்பட்டது. குற்றம் என்று ஒன்றுதான் இருக்கிறது, அதைத் தனி வரியாக எழுதுங்கள். ஒப்துலியா தன் ஜோடிக்குப் பொய் ஜாடை காட்டினாள். விதை எதுவும் மாட்டவில்லை.

லெயோன்சியோ டிராக்டரை வேறொருவன் மூலம் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வரவில்லை. உருத்தியா குடும்பம் வில்யாசெராவில் தங்கியிருக்கிற விடுதியில்தான் அவரும் இருக்கிறாராம். மதியம் சாப்பிட்டதும் அவரும் அன்செல்மோவும் ஜோடியாக உட்கார்ந்து ஆடுகிறார்களாம். ஜெயிக்க ஆளில்லையாம். இங்கே சத்தூரியோவும் கித்தேரியாவும் நானும், சமையலறையில் இருப்பதையும் சேர்த்து இரண்டு காலி நாற்காலியும்.

ஆமாம், இன்று காலை பிரிவில் நீங்கள் என்னைப் பிடித்தபோது பலகையைச் சரிசெய்கிறேன் என்றுதான் சொன்னேன். அது உண்மை. கோபுர வழிப் பலகையைப் பழையபடி வைத்துவிட்டேன், போய்ப் பாருங்கள். இனி அதை நம்பி ஒரு வெளியூர்க் காரும் இங்கே வராது. நீங்கள் கேட்பது எதிர்ப்பக்கம் இருக்கிற பலகையை, வில்யாசெராவிலிருந்து வருகிறவர்களுக்கானதை. அதை மொரால்பா பக்கம் திருப்பியதும் நான்தான்.

லெயோன்சியோ இந்த ஊரிலேயே பிறந்தவர், வழி தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேர்வார். யாராவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று கித்தேரியாவும் சொல்கிறாள். என் தொலைபேசிக் கம்பியைக்கூட அவளே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள், விடுதியின் எண்ணைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறாள்.

நான் எதற்குக் கூப்பிட வேண்டும், சார்ஜென்ட்? அதற்குத்தான் பலகை வைத்திருக்கிறேனே.